பிச்சைக்காரர் அறையில் ஓட்டெடுப்பு

ஸ்ட்ராபெர்ரி வாங்கலாமா வேண்டாமா என்பதை எங்கள் வீட்டில் எழுநூறு பிச்சைக்காரர்கள் முடிவு செய்தார்கள். நான் கதை விடவில்லை. என் புருஷன் மான்ஹோ கடையில் நின்றபடியே அந்தப் பெட்டியைப் படம் எடுத்துப் போனில் போடுவார். "ஒரு பெட்டி ஒன்பதாயிரம் வோன். பொண்ணு கேக்குறா" என்று எழுதுவார். அரை நிமிடத்தில் பதில்கள் கொட்டும்.

"வாசனை சும்மாதானே வருது. மோந்து பாத்துட்டு வரச் சொல்லுங்க."

"ஸ்ட்ராபெர்ரி ருசியில டூத்பேஸ்ட் இருக்கு. ராத்திரி ரெண்டு தடவை பல்லு விளக்கச் சொல்லுங்க."

"ஒன்பதாயிரமா? பத்து நாள் முளைப்பயறு வாங்குற காசு! உங்களுக்குக் கை கூசலையா?"

மான்ஹோவுக்குக் கை கூசும். பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஏதோ பெரிய வியாதியிலிருந்து பிழைத்த முகத்தோடு வெளியே வருவார். எங்கள் மகள் சேபோம் அடம்பிடிக்காமல் பின்னாலேயே வந்துவிடுவாள். அவளுக்கும் பழகிவிட்டது.

அந்த அரட்டைக் குழுவின் பெயரே பிச்சைக்காரர் அறை. இந்த ஊரில் அப்படி எத்தனையோ அறைகள் உண்டு. யாருக்கும் யாருடைய நிஜப் பெயரும் தெரியாது. செலவு செய்தால் எழுத வேண்டும், எழுதினால் மற்றவர்கள் திட்ட வேண்டும், அவ்வளவுதான் சட்டம். வீட்டில் திட்டு வாங்கப் பொண்டாட்டி இருக்கும்போது இவருக்கு எதற்கு எழுநூறு பேர் என்று முதலில் சிரித்தேன். அறையின் தலைவருக்குக் 'குழாய்த்தண்ணி' என்று பெயர். ஒருமுறை மான்ஹோ நாலாயிரத்து ஐந்நூறு வோனுக்கு ஐஸ் காப்பி குடித்துவிட்டு எழுதப்போக, "ஆபீஸ்ல காப்பிப் பொட்டலம் கேட்பாரில்லாமக் கிடக்கு, ஐயா வெளியில போய்க் குடிக்கிறாரு. அடுத்தது என்ன, குதிரை வண்டியா?" என்று குழாய்த்தண்ணி கேட்டார். அன்று மான்ஹோ சாப்பிடவே இல்லை. சாப்பிடாததையும் எழுதி நாற்பது பாராட்டு வாங்கிக்கொண்டார்.

இவருடைய பெயர் அங்கே 'இரட்டைக் காலுறை'. தரைச் சூடேற்றியை அணைத்துவிட்டு, டிசம்பர் முழுவதும் எங்கள் மூவருக்கும் இரண்டிரண்டு ஜோடி காலுறை மாட்டிவிட்ட மகத்தான சாதனைக்காக வந்த பட்டம். முந்நூறு பேர் அதற்கு இதயம் போட்டார்கள். எட்டு வருஷக் குடித்தனத்தில் நான் அவருக்கு அத்தனை இதயம் காட்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஏன் இத்தனை பாடு என்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரு மைனஸ் கணக்கு இருந்தது. சைபருக்குக் கீழேயும் காசு எடுக்கலாம், பேங்க் சிரித்த முகத்தோடு கொடுத்துக்கொண்டே இருக்கும். கொடுத்துக் கொடுத்துத் ஒன்றரைக் கோடி வோனுக்கு இறங்கியிருந்தோம். அதில் மான்ஹோவின் பங்கு கூடாரம், மடக்கு நாற்காலி, மடக்கு மேசை, மடக்கு அடுப்பு. மூன்று தடவை முகாம் போனோம், இரண்டு தடவை மழை. என் பங்கு, முகத்தைப் பளபளப்பாக்கும் சிகிச்சை, பன்னிரண்டு மாதத் தவணையில். முகம் மூன்று மாதம் பளபளத்தது.

வருகிற மார்ச்சில் சேபோம் முதல் வகுப்பில் சேருகிறாள். முதல் வகுப்பு மதியம் ஒரு மணிக்கு விட்டுவிடும். அதன்பிறகு பிள்ளைகளைப் பள்ளியிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் வகுப்புக்குக் குலுக்கல் போட்டார்கள். எங்கள் பெயர் விழவில்லை. நான் புப்யோங்கில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிறேன், ஏழு மணிக்கு முன் வீட்டுக்கு வர முடியாது. மான்ஹோ லிஃப்ட் பழுது பார்க்கிறவர், எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் தொங்குவார் என்று அவருக்கே தெரியாது. அப்படியானால் ஒரு மணியிலிருந்து ஏழு மணி வரை குழந்தை டேக்வாண்டோ வேனிலிருந்து பியானோ வேனுக்கும், பியானோ வேனிலிருந்து கணக்கு வகுப்பு வேனுக்கும் ஏறி இறங்க வேண்டியதுதான். "பள்ளிக்கூட வாசல்ல யாரு நிப்பா?" என்று போன கோடையில் சேபோம் கேட்டாள். அன்று ராத்திரி நானும் மான்ஹோவும் பேசி முடித்தோம். பிப்ரவரிச் சம்பளத்தோடு கடனை அடைத்துவிட வேண்டும், அதன்பிறகு நான் வேலையை விட்டு ஒற்றைச் சம்பளத்தில் ஓட்ட வேண்டும். அதற்கு ஒத்திகையாக என் சம்பளம் மொத்தமும் கடனுக்கு, அவர் சம்பளத்தில் சாப்பாடு. வாசலில் நான் நிற்பேன் என்று சேபோமிடம் சொல்லியும் விட்டேன்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய அங்காடியில் ருசி பார்க்கக் கொடுக்கும் மேசைகளைச் சுற்றி வந்தோம். ஒரு சுற்றில் மண்டு என்கிற வறுத்த கறிக் கொழுக்கட்டை இரண்டு, தோஃபு துண்டு இரண்டு, ஒரு மடக்கு தயிர். மான்ஹோ இரண்டாம் சுற்றுக்குத் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போவார், அடையாளம் தெரியாதாம். மேசையில் நிற்கும் பெண்மணி, "தொப்பிக்காரரோட தம்பியா நீங்க?" என்று கேட்டாள். அவர் வெட்கப்படாமல், "இரட்டைப் பிறவி" என்றார். என் முடியை அவரே வெட்டினார். ஆஸ்பத்திரியில் ஹேரிம் அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "கியூரி, யாரோடயாவது சண்டையா?" என்று கேட்டாள்.

அந்த ஹேரிம் அக்காவுக்குத்தான் ஜனவரிக் கடைசிச் சனிக்கிழமை கல்யாணம். ஆஸ்பத்திரியில் எனக்கு ஆறு வருஷம் மூத்தவள், வேலை கற்றுக்கொடுத்தவள், நாற்பத்திரண்டு வயதில் ஒரு நல்ல மனுஷனைப் பிடித்திருந்தாள். பத்திரிகை வந்த அன்றே மான்ஹோ எங்கள் கல்யாண மொய் நோட்டை எடுத்தார்.

"நாம் ஹேரிம், ஒரு லட்சம்" என்று விரலை வைத்து, அக்காவின் குடும்பப் பெயரான 'நாம்' என்பதையும் விடாமல் படித்தார். "ச்சே. அம்பதாயிரம் வெச்சிருக்கக் கூடாதா இந்த அக்கா?"

"ஏங்க, எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு லட்சம் வெச்சா, இப்ப நாம அதுக்கு மேலதான் வைக்கணும்."

"விலைவாசிக்கு மொய் ஏறாது, கியூரி. அறையில கேட்டுட்டேன்."

அறை கூடி விவாதித்திருந்தது. போகாமல் போனில் அனுப்பினால் ஐம்பதாயிரத்தில் முடியும், ஆனால் ஒரு லட்சம் வாங்கினவர்கள் ஐம்பது அனுப்பினால் அசிங்கம். ஒரு லட்சம் வைத்துத் தனியாகப் போனால் நஷ்டம். கடைசியில் குழாய்த்தண்ணி வழி கண்டுபிடித்தார். அந்த மண்டபத்தில் பஃபே ஆளுக்கு எழுபதாயிரம். ஒரு லட்சம் கவரில் போட்டு மூன்று வாயைக் கூட்டிப்போனால் லாபம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ஒற்றைக் கவருக்குக் குடும்பத்தையே கூட்டிப்போய் உட்காருகிறவர்களைப் பற்றி எங்கள் ஊரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானே பேசியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து மூவரும் பட்டினி. காலையில் பஸ்ஸில் மான்ஹோ சேபோமுக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

"சோறு?"

"தொடக் கூடாது."

"நூடுல்ஸ்?"

"தொடக் கூடாது."

"பின்ன?"

"நண்டு, மாட்டு விலா, அப்புறம் பழம். ஜூஸ் குடிச்சா வயித்துல இடம் போயிரும்."

மகள் ஒப்பித்த அழகில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கல்யாண மண்டபம் என்றால் எட்டு மாடி. மாடிக்கு ஒரு கூடம், கூடத்துக்கு மணிக்கொரு கல்யாணம், எல்லாருக்கும் கீழ்த்தளத்தில் ஒரே சாப்பாட்டுக் கூடம். சேபோமை நான் கழிப்பறைக்குக் கூட்டிப்போனேன். அதற்குள் மான்ஹோ மேலே ஓடி, பெண் வீட்டார் மேசையில் கவரைக் கொடுத்து, மூன்று சாப்பாட்டுச் சீட்டோடு இறங்கி வந்துவிட்டார். "சடங்கு முடிஞ்சா கூட்டம் வந்துரும். இப்பவே போனாத்தான் நண்டு" என்று எங்களை நேரே கீழ்த்தளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

சாப்பிட்டோம். பொய் சொல்ல மாட்டேன், நானும்தான் சாப்பிட்டேன். மான்ஹோ ஒவ்வொரு தட்டையும் படம் எடுத்து அறையில் போட்டார். "நண்டுக்கால் பதினாலு. முதலீடு திரும்பிருச்சு." "விலா மூணாவது தட்டு. இனி எல்லாம் லாபம்." அறையில் இரட்டைக் காலுறை வாழ்க என்று கோஷம் எழுந்தது. சேபோம் பதினொரு ஸ்ட்ராபெர்ரி தின்றாள். ஒவ்வொன்றுக்கும் அவர் "நானூறு, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு" என்று எண்ணிக்கொண்டிருந்தார். அவள் வாயைத் துடைத்துவிட்டு, "இன்னும் ஒண்ணு தின்னா லாபமாப்பா?" என்று கேட்டாள்.

மணப்பெண்ணைப் பார்க்காமல் போனால் நன்றாயிருக்காது என்று நான்தான் மேலே இழுத்துப்போனேன். மூன்றாம் மாடிக் கூடத்தில் மணமக்கள் கைகோத்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஜனம் கைதட்டியது. நானும் தட்டினேன். பிறகு நிறுத்தினேன்.

"ஏங்க, இது ஹேரிம் அக்கா இல்ல."

"மேக்கப் போட்டா எல்லாரும் அப்படித்தான் இருப்பாங்க."

"அக்கா என் தோளுக்குத்தான் வருவாங்க. இந்தப் பொண்ணு மாப்பிள்ளையை விட உசரமா நிக்குறா!"

வாசல் பலகையை அப்போதுதான் இருவரும் படித்தோம். மணமகள், நாம் ஹேரின். ஒரு மாடி மேலே, அரை மணி பிந்தி, நாம் ஹேரிம். நம்மாளுக்கு நண்டு அவசரத்தில் கடைசி எழுத்து கண்ணில் படவில்லை. முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் மொய் எழுதி, அவர்கள் செலவில் மூக்கு முட்டத் தின்றிருக்கிறோம்.

மான்ஹோவின் முகத்தில் ரத்தமே இல்லை. "கவரை வாங்கிட்டு வந்துர்றேன். போனைப் பிடி. லாபம் எவ்வளவுன்னு அறையில கேட்டுட்டே இருக்காங்க, ஒரு நிமிஷம்னு எழுது" என்று போனை என் கையில் திணித்துவிட்டு மேசைப் பக்கம் ஓடினார்.

ஒரு நிமிஷம் என்று எழுதத்தான் போனேன். விரல் மேலே தள்ளிவிட்டது. நண்டெல்லாம் போய், விலாவெல்லாம் போய், போன வாரத்துக்கு வந்து நின்றது. அங்கே இரட்டைக் காலுறை ஓர் ஓட்டெடுப்பு வைத்திருந்தார்.

"பிப்ரவரியில கடன் முடியுது. பொண்டாட்டி வேலையை விடணும்கிறா. அவ சம்பளத்தைத் தொடாம வாழத்தான் பழகிட்டோமே. இப்ப விட்டா மாசம் இருபத்து மூணு லட்சம் நஷ்டம். தொடர்ந்து வேலைக்கு அனுப்பலாமா?"

அனுப்பலாம், அறுநூற்றுப் பதினொன்று. வேண்டாம், நாற்பத்து மூன்று. கீழே ஆளாளுக்கு யோசனை சொல்லியிருந்தார்கள். "குழந்தை கழுத்துல சாவியை மாட்டுங்க. சாவிக்குக் காசில்ல." "டேக்வாண்டோ எதுக்கு? நூலகம் இலவசம், ஹீட்டரும் உண்டு." எல்லாவற்றுக்கும் கடைசியில் என் புருஷன் பதில் எழுதியிருந்தார். "ஒரு மாசம் முன்னாடியே ஆஸ்பத்திரியில சொல்லணும். திங்கட்கிழமை கடைசி நாள். அதுவரைக்கும் பேச்சைத் தள்ளிட்டா, மார்ச்ல அவளே பழகிக்குவா."

மூன்று வாரமாக, ஆஸ்பத்திரியில் சொல்லலாம் சொல்லலாம், சம்பளம் வரட்டும் என்று இந்த மனுஷன் ஏன் இழுத்தடித்தார் என்று அப்போது புரிந்தது. வாசலில் நிற்பதற்காகத்தான் காலுறை மேல் காலுறை போட்டேன், கண்ட கோலத்தில் முடி வெட்டிக்கொண்டேன். சிக்கனம் நன்றாக நடந்த குற்றத்துக்காக, எதற்குச் சிக்கனம் பண்ணினோமோ அதையே வெட்டிவிட்டார்கள். இந்த எழுநூறு பேரில் ஒருவர்கூடச் சேபோமின் பெயரைக் கேட்கவில்லை.

சேபோமைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே போய்ப் பணம் எடுக்கும் இயந்திரத்தில் ஒரு லட்சம் என்று அழுத்தினேன். சனிக்கிழமைக் கட்டணம் ஆயிரத்து முந்நூறு. யோசித்து அதை ஒன்றரை லட்சமாக மாற்றி எடுத்தேன். நாலாம் மாடியில் கவரைக் கொடுத்தபோது மேசையில் இருந்த பெண் "எத்தனை சீட்டு?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் என்னை அதிசயமாகப் பார்த்தாள். ஹேரிம் அக்கா படம் எடுக்கும் இடத்திலிருந்தே கத்தினாள்.

"கியூரி! வந்துட்டியா! சாப்ட்டியாடி?"

"மூக்கு முட்ட, அக்கா!"

அங்கேயே எங்கள் பல் டாக்டரும் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு நின்றிருந்தார். பிப்ரவரிக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று சொன்னேன். "இங்கயா சொல்றீங்க?" என்றார். "திங்கட்கிழமை எழுதியும் குடுத்துர்றேன், டாக்டர்" என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு மான்ஹோவின் போனை எடுத்து அறையில் எழுதினேன்.

"இன்றைய செலவு. தெரியாத கல்யாணத்துக்கு ஒரு லட்சம். தெரிஞ்ச கல்யாணத்துக்கு ஒன்றரை லட்சம். கட்டணம் ஆயிரத்து முந்நூறு. மார்ச்சிலிருந்து மாசம் இருபத்து மூணு லட்சம். எழுதினது பொண்டாட்டி."

திட்டு வர ஆரம்பிக்குமுன் வெளியேறும் பொத்தானை அமுக்கிவிட்டேன். 'இரட்டைக் காலுறை அறையை விட்டு வெளியேறினார்' என்று வந்திருக்கும். குழாய்த்தண்ணி அதற்கு என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது.

மான்ஹோ மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கையில் கவர் இல்லை.

"அந்தப் பொண்ணோட தாய்மாமன் மேசையில இருக்காரு. எந்த வழியில சொந்தம்னு கேட்டாரு. எனக்கு வாய் வரல. தலையை ஆட்டினேன். நோட்டுல பேரை எழுதிட்டாங்களாம். உங்க வீட்டு விசேஷத்துக்குக் கட்டாயம் வந்து திருப்பிச் செய்வோம்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு." சற்று நிறுத்தி, "சேபோம் கல்யாணத்துல திரும்பி வந்துரும். இருபத்தஞ்சு வருஷம், என்ன" என்றார். "போனைக் குடு."

கொடுத்தேன். அறை இல்லை. திரையைத் தடவினார், திருப்பித் திருப்பித் தடவினார்.

"ஓட்டெடுப்பைப் பாத்துட்டேன்" என்றேன். "டாக்டர்கிட்ட சொல்லியாச்சு. மார்ச்லருந்து நான் வீட்டுல."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் அங்கே வாழ்த்து எழுதி நிறுத்தியிருந்த பூ வளையத்துக்குப் பக்கத்தில் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எனக்குப் பயமா இருக்கு, கியூரி" என்றார். "எங்க கம்பெனியில போன மாசம் நாலு பேரை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. உன்கிட்ட சொல்லல. ஒரு சம்பளம்தான்னு ஆயிட்டு, அதுவும் போச்சுன்னா? மாசம் இருபத்து மூணு லட்சம்... வருஷத்துக்கு எவ்வளவு தெரியுமா?"

"பயமா இருந்தா என்கிட்ட சொல்லணும். யாரோ குழாய்த்தண்ணிகிட்டயா சொல்லுவீங்க? நான் யாரு உங்களுக்கு? ஓட்டு இல்லாத ஆளா?"

எனக்குக் கோபம் அடங்கவில்லை, ஆனால் அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. நாலு பேரை அனுப்பியதை ஒரு மாதம் மென்று விழுங்கிக்கொண்டு இந்த மனுஷன் நண்டுக்கால் எண்ணியிருக்கிறார். இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் சேபோம் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தாள். நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"பரவால்லப்பா" என்றாள். "வாசல்ல யாரும் நிக்க வேண்டாம். நானே வந்துருவேன். அம்மா ரொம்ப விலை."

சமாதானம் சொல்கிற குரலில்தான் சொன்னாள். கடையில் பெட்டியைத் திரும்ப வைக்கும்போது இருக்குமே, அதே முகம். மான்ஹோ அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவளுடைய காலுறையைச் சரிசெய்தார்.

"அம்மா வருவாங்க" என்றார். "தினமும் வருவாங்க."

சேபோம் நம்பாமல் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். எங்கள் ஊரில் எந்தக் கடையில் கடன் அட்டையை நீட்டினாலும் கல்லாவில் கேட்பார்களே, அந்தக் கேள்வியை அதே ராகத்தில் அப்பாவிடம் கேட்டாள்.

"எத்தனை மாசத் தவணை?"

மான்ஹோ தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் உதவிக்கு வரவில்லை, இதை அவரே சொல்லட்டும் என்று நின்றேன்.

"தவணை இல்லம்மா" என்றார். "மொத்தமா."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள்.